சோறிட்ட கை

எறும்புப் புற்றைக் கண்டால் சுற்றிக்கொண்டு நடக்கும் தயாபரன், மூன்று மாதமாக ஒரு பன்றிக்குத் தன் கையால் சோறூட்டி வந்தார். அவருடைய தங்கை பூங்கோதைக்கு மாற்றிவைக்கப்போகும் இதயம் அதன் நெஞ்சில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. அறுவை நாளில் விலங்கு மிரளாமலிருக்க, நோயாளியின் உறவினரே அதைப் பழக்க வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி.

அறுவைக்கு முந்தின மாலை, தங்கையின் கட்டிலருகே அவர் கண் கலங்கினார்.

"நாளைக்கு அதைக் கொன்னுடுவாங்கம்மா."

"கொல்லலைன்னா நான் செத்துடுவேண்ணா," என்றாள் பூங்கோதை, மூச்சு வாங்க. பிறகு சிரித்தாள். "நான் எறும்பாப் பொறந்திருந்தா உனக்கு மனசு இரங்கியிருக்கும்."

தயாபரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொல்லாமை அவர் குடும்பம் நான்கு தலைமுறையாகக் காத்துவந்த நோன்பு. விடிந்ததும் மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த பன்றிக் கொட்டகைக்குச் சென்று கதவைத் திறந்தார். பன்றியைச் சவுக்குத் தோப்புவரை அழைத்துப்போய், "போ, எங்கேயாவது பொழைச்சுக்கோ," என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

பன்றி போகவில்லை. சோறிட்ட கையை நம்பி அவர் பின்னாலேயே ஓடிவந்தது. அவர் விரட்டினார், அது காலைச் சுற்றியது. மருத்துவமனைச் சுவர் நெருங்கிவிட்டது. யாராவது பார்த்தால் பிடித்துக் கட்டிவிடுவார்கள். வேறு வழி தெரியாமல் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார். காது கிழிந்து அலறிய பன்றி, மறுபடியும் அவரிடமே வந்தது.

மேல்மாடிச் சன்னல் கம்பியைப் பிடித்தபடி பூங்கோதை கத்தினாள்.

"அண்ணா, அதைத் துரத்தாதேண்ணா! அது என் உசுரு!"

தயாபரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் பெரிய கல்லாகத் தேடினார்.