மேலே யார் கடை?

நண்பர் மனோகரின் போனை எட்டிப் பார்த்த சிவப்பிரகாசத்துக்கு வாயிலிருந்த டீ கசந்தது. ராபர்ட்சன்பேட்டை கடைக்காரர் சங்கத்தின் இணையதளத்தில், பதினொரு கடைகளில் எல்லாவற்றுக்கும் மேலே மனோகரின் ரெடிமேட் கடை உட்கார்ந்திருந்தது.

"இன்னாய்யா, பேயறைஞ்ச மாதிரி பாக்குற?" மனோகர் போனைச் சட்டென்று கவிழ்த்தார்.

"ஒண்ணுமில்ல. டீல சக்கர கம்மி."

வேறென்ன சொல்வது? ஒவ்வொரு கடையும் தன் புதுச்சரக்கைப் பற்றி எழுதினால், அந்தப் பதிவு ஃபீடாகத் தானாகவே சங்கத்தின் தளத்துக்கு வந்துவிடும். புதிதாக வந்தது மேலே, யாருக்கும் சலுகை கிடையாது என்று எல்லாரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

மறுநாளே தளத்தை நடத்தும் லதாவிடம் ஒரு பட்டுப்புடவையோடு போய், "எங்க கடதான் எப்பவும் மேல இருக்கணும், யாருக்கும் தெரியக்கூடாது" என்று பேசி முடித்தவர் சிவப்பிரகாசம்.

லதாவை எப்படி நம்பாமல் இருப்பது? "எங்கப்பா கடை அடியிலயே கெடக்கட்டும்" என்று சங்கத்தில் எழுந்து சொன்னவள். சொன்னபடி அவள் அப்பா தசரதனின் ஜவுளிக்கடை பதினொன்றாவதாகத்தான் கிடந்தது. தினமும் தனக்குக் கொடுத்த பாஸ்வேர்டு போட்டுத் தளத்தைத் திறந்து, தன் கடை உச்சியில் இருப்பதைக் கண்குளிரப் பார்த்த பிறகுதான் சிவப்பிரகாசம் ஷட்டரைத் தூக்குவார்.

ஆனால் தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்களான ஊரிகத்து ஜனங்களும் சாம்பியன் ரீப்ஸ் ஜனங்களும் அவர் வாசலைத் தாண்டி எங்கேயோ போனார்கள். இந்தத் தீபாவளியும் கைவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

எங்கே போனார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. முப்பது வருஷ சிநேகிதம்! டீயை அப்படியே வைத்துவிட்டு லதாவின் கம்ப்யூட்டர் சென்டருக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை. அவர் கொடுத்த பட்டுப்புடவையைத்தான் கட்டியிருந்தாள்.

"ஏம்மா, பட்டு பத்தலியா? மனோகர் இன்னா குடுத்தான்?"

"மூணு சுடிதார், மாமா. அவரும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் சொன்னாரு."

"அதுக்கு எங்க கடைய எறக்கிட்டியா?"

"நான் யாரையும் எறக்கல. உங்க பாஸ்வேர்டு போட்டா உங்க கட மேல. அவர் பாஸ்வேர்டு போட்டா அவர் கட மேல. சத்தியம் பண்ண சூடு ஆறல, பத்து பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து நின்னீங்க. யார் மனசையும் நோகடிக்க வேணாமேன்னு..."

சிவப்பிரகாசம் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"பாஸ்வேர்டே இல்லாத ஜனங்க தொறந்தா?"

லதா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அங்க எங்கப்பா கடதான், மாமா."