ஒரே ஓர் இடம்

கலந்தாய்வு அறைக்கு வெளியே காத்திருந்தபோது தோழி ஜெசிந்தா மறுபடியும் சொன்னாள்: "புள்ளியியலே எடுடி மெஹர். படிச்சு முடிச்சதும் வேலை. வெறும் கணிதத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

கணிதத்தில் ஒரே ஓர் இடம்தான் மீதி என்று திரை காட்டியது. மெஹருக்கு அடுத்து உள்ளே போகவேண்டியவள் ஜெசிந்தா. இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? மெஹருக்குப் பொறிதட்டியது. புள்ளியியல்தான் என்று வீட்டில் முடிவு செய்து வந்தவள், உள்ளே போனதும் "கணிதம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

சற்று நேரத்தில் ஜெசிந்தாவும் வெளியே வந்தாள். "நான் புள்ளியியல்தான் எடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே வகுப்புல இருக்கலாம்னு நினைச்சேன்டி." அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அந்தக் கண்ணீரையும் மெஹர் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.