பதினைந்தாவது குரைப்பு

"என் பொண்ணு உயிருக்கு அறுபதாயிரம்னு விலை சொன்னீங்க மாஸ்டர். எண்ணி வச்சேன். பேரம் பேசாம என் ஆயுசுல வாங்கினது அது ஒண்ணுதான்! இப்ப நாய் பொய் சொல்லுது. திருப்பி எடுத்துக்கங்க."

ஜவுளிக்கடை முதலாளி கல்லாவை விட்டு அசையாமலே சொன்னார். எதிரே நின்ற மாஸ்டர், நாய்களைப் பழக்குகிறவர்.

கடைக்கு மேலே மாடியில் வீடு. லீவில் அங்கே தனியாக எட்டு வயது மகள். ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயங்கிவிடுவாள். அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் குரைக்கப் பழக்கிய நாய்க்கு அவள் வைத்த பெயர் மேனேஜர்.

"வாசனை தெரிஞ்சாத்தான் குரைக்கும் முதலாளி. குரைச்சா பிஸ்கட்டுனு மூணு மாசம் பழக்கியிருக்கேன்."

"இந்த வாரம் மட்டும் பதினாலு தடவை!" என்றாள் முதலாளியின் மனைவி. கையில் பாதி அளந்த துணி. "ஓடிப்போய் சுகர் மெஷின்ல பார்த்தா எல்லாம் சரியா இருக்கு. நேத்து, போகணுமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் நின்னுட்டேன் மாஸ்டர். அது நிஜமா இருந்திருந்தா?"

முதலாளி குறுக்கிட்டார்.

"அதான் வேண்டாங்கறேன். பாதி விலை குடுங்க, போதும். நஷ்டம் என்னோட போகட்டும்."

மேலே மேனேஜர் குரைத்தது.

துணி ஒரு பக்கம், கத்தரி ஒரு பக்கம் விழ, அவள் படியேறிப் பறந்தாள். மாஸ்டரும் பின்னாலேயே ஓடினார். முதலாளி வாடிக்கையாளர் பக்கம் திரும்பி, "சாயம் போகாதுங்க, நான் கேரண்டி" என்றார். பிறகு கழுத்தை மட்டும் நிமிர்த்திக் கத்தினார்:

"எவ்வளவு காட்டுது?"

"நூத்திப் பத்து! நல்லாத்தான் இருக்கா!" மேலிருந்து வந்த குரலில் பாதி அழுகை.

மாஸ்டர் இறங்கி வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"பார்த்தீங்களா? மறுபடியும் பொய்!"

"நாய் மேல தப்பில்ல முதலாளி. பாப்பா தலையணைக்கு அடியில பிஸ்கட் பாக்கெட். அவ கையைத் தூக்கினா குரைக்குது. நான் பழக்கினதை மூணு மாசம் பக்கத்துலயே உக்காந்து பார்த்தவளாச்சே, அப்படியே செஞ்சிருக்கா."

"எதுக்கு? அம்மா விழுந்தடிச்சு ஓடி வர்றதைப் பார்த்துச் சிரிக்கவா?"

"இப்ப குரைச்சது வரைக்கும் இதுல எழுதி வச்சிருக்கா. கோடு கிழிச்சு, உங்க பேரேடு மாதிரியே."

"கணக்கா? இப்படிக் குடுங்க." முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பெருமைகூட வந்தது. வழக்கம்போல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

பிஸ்கட் குடுத்தது – 15.
மேனேஜர் குரைச்சது – 15.
அம்மா வந்தது – 15.
அப்பா வந்தது – 0.