நீலம் என்றால் புதுசு

தங்கம்மாளின் தூக்குவாளியைத் திறந்த நடராசனுக்கு வாயெல்லாம் பல். உள்ளே சோறுமில்லை, குழம்புமில்லை. கால் வாளி நிறைய நீல நிற மணிகள்!

"மாட்டுனியா?" என்றார்.

செல்லதுரை ரைஸ் மில்லின் எலெக்ட்ரீஷியன் அவர். டிரான்ஸ்பார்மரின் பக்கத்தில் தொங்கும் கண்ணாடிக் குடுவையில் இந்த மணிகளைப் போட்டு வைப்பது அவர் பொறுப்பு. உள்ளே போகிற காற்றின் ஈரத்தை இவை குடித்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்வரை நீலம். குடித்து நிறைந்துவிட்டால் ரோஸ். ரோஸானதை மில்லுக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் குழியில் கொட்டிவிட்டுப் புது டின்னை உடைப்பார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் இரண்டு டின்கூடப் போகும்.

"குழியில கெடந்ததுதாண்ணே" என்றாள் தங்கம்மாள். மில் களத்தில் நெல் காயப்போடுகிறவள்.

"யாருகிட்ட காது குத்துறே? குழியில கெடக்குறது ரோஸ். இது நீலம். நீலம்னா புதுசு!"

இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? ஸ்டோரைத் திறந்து டின் ஏதாவது குறைகிறதா என்று பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நேரே முதலாளி அறைக்கு அவளை அழைத்துப் போய்விட்டார்.

கட்சிக் கரைவேட்டியில் உட்கார்ந்து, மறுநாள் மன்னார்குடிக் கூட்டத்தில் பேசவேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார் முதலாளி செல்லதுரை. நில உச்சவரம்புச் சட்டத்தால் ஏழைகளுக்குக் கிடைத்த நன்மைகள் பற்றி.

இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தா பாரும்மா, குப்பையில கெடந்தத எடுத்திருந்தா தாராளமா எடுத்துக்க. ஏழை பாழைங்க குப்பையை எடுத்தா நான் கேக்குற ஆளில்ல. ஆனா புதுசுல கை வெச்சிருந்தே, நாளையிலேர்ந்து களத்துப் பக்கம் வரக்கூடாது. அவ்வளவுதான்."

தங்கம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. புருஷன் காத்தான் கால் ஒடிந்து கிடக்கிறான். வீட்டில் அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான்.

"சத்தியமா குப்பைதாங்க ஐயா. எங்க அரை மா நெலத்துக்கு வெதைநெல்லு வெச்சிருக்கேன். போன மழையில ஓதம் ஏறி, அம்புட்டும் பூஞ்சை பூத்துப் போச்சு. இத துணியில முடிஞ்சு பானைக்குள்ள போட்டா, நெல்லு கலகலன்னு இருக்குதுங்க."

"அதெல்லாம் சரி, ரோஸ் எப்படி நீலமாச்சு? அதச் சொல்லு" என்று மடக்கினார் நடராசன்.

"வறுத்தேண்ணே."

"வறுக்குறதுக்கு இது என்ன வேர்க்கடலையா?"

"அடுப்போரம் சிந்திக் கெடந்தது சூடு பட்டு நெறம் மாறுறத ஒரு நாள் பாத்தேன். அதுலேர்ந்து இங்கயே அடுப்புத் தணல்ல வறுத்துதான் எடுத்துட்டுப் போறேன். வேணும்னா இப்பவே வறுத்துக் காட்டுறேன்."

நெல் அவிக்கிற அடுப்பிலிருந்து உமித் தணலை இழுத்துப் போட்டு, இரும்புச் சட்டியை வைத்தாள். பொய் அம்பலமாகட்டும் என்று நடராசனே குழியில் இறங்கி ரோஸ் மணிகளை அள்ளி வந்தார். முதலாளியும் வந்து நின்றார். களத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள்.

தங்கம்மாள் துழாவிக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனுங்களே..." என்று ஆரம்பித்த நடராசன், பாதியில் நிறுத்திவிட்டார்.

சட்டியின் ஓரத்தில் ஊதா தெரிந்தது. அரை மணியில் சட்டி முழுக்க நீலம். டின்னிலிருந்து அப்போதுதான் கொட்டியது மாதிரி!

நடராசனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நாலு வருஷமாக எத்தனை டின்னைக் குழியில் கொட்டியிருக்கிறார்! அதுகூடப் போகட்டும், ஒரு பாவமும் அறியாதவளைத் திருடி ஆக்கிவிட்டோமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

"என்னை மன்னிச்சுக்க தாயி" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

முதலாளிக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை.

"அடப்பாவி! பம்பாய்லேர்ந்து வரவழைச்சு வரவழைச்சு குழியிலயாய்யா கொட்டிக்கிட்டிருந்தோம்? இனிமே ஒரு டின் வாங்கக் கூடாது. குழியில கெடக்குறத எல்லாம் அள்ளி, சலிச்சு, வறுத்து ஸ்டோர்ல வை."

"வெச்சுடலாங்க. தங்கம்மாவையே வறுக்கச் சொல்லிடலாங்களா? பக்குவம் தெரிஞ்சவ."

"அரை மணி நேரமா நின்னு பாத்தியே, உனக்கு வராதா? அவள நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடு."

நடராசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா! அவ புதுசத் தொடவே இல்லியே! குப்பைன்னா எடுத்துக்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். குப்பையா இருந்தா எடுத்துக்கன்னேன். இது குப்பையில்லன்னு அவளேதான வறுத்துக் காட்டுனா? அப்ப இது மில்லுச் சொத்து. இத்தன நாளா மில்லுச் சொத்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கா. சட்டம்னு ஒண்ணு இருக்குய்யா."

சொல்லிவிட்டு, மீதிப் பேச்சை எழுத உள்ளே போய்விட்டார்.

தங்கம்மாள் சட்டியை இறக்கி வைத்து, தூக்குவாளியில் இருந்த மணிகளையும் அதில் கொட்டினாள். காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டிருந்த நடராசனுக்கு, அவள் வாயே திறக்காமல் போனதுதான் தாங்க முடியவில்லை. கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினார்.

"ஏன் தாயி, ஒரு வார்த்தை நாயம் கேக்கக் கூடாதா நீ?"

"எங்களுக்கு இது ரெண்டாந்தரம்ணே" என்றாள் அவள். "இந்த மில்லு நிக்கிற எடம் முன்ன முள்ளு மண்டிக் கெடந்த கரம்பு. 'யாருக்கு வேணும், நீங்களே வெச்சுப் பொழைச்சுக்கங்க'ன்னாரு ஐயா. எங்க மாமனாரு வெட்டித் திருத்தி, மொத வெள்ளாமை வெளைஞ்ச அன்னிக்குத்தான் அது தன்னோட நெலம்னு ஐயாவுக்கு ஞாபகம் வந்துச்சு."