வைஃபை கார்டின் இடம்

செப்டம்பர் 14, புதன்கிழமை, மாலை நான்கு மணி. பேருந்து நிலையத்துக்கு எதிரே, முதல் மாடியில் இருக்கும் கணினிக் கடை. ஜன்னல் வெயில் பழைய மதர்போர்டின் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. கணினியைக் கொண்டுவந்தவள், மொழிபெயர்ப்பு வேலை செய்யும் பெண், மேசை ஓரத்தைப் பிடித்தபடி நிற்கிறாள். கணினி வேகமாக ஓட, தம்பி முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம், சூயிங்கம் பட்டை அளவில், மெக்கானிக்கின் விரல்களுக்கிடையே இருக்கிறது. "இது உக்காராதும்மா." "இடம் இருக்கே? நான் அனுப்பின போட்டோவப் பாத்துத்தான் வாங்கினான்." "அது வைஃபை கார்டுக்கான இடம்." "கொஞ்சம் அமுக்கிப் பாருங்களேன்." "அமுக்கினா ரெண்டும் போய்ச் சேந்துடும். கேபிள்ல மாட்டுற எஸ்எஸ்டிதான் இந்தப் போர்டுக்கு. வேகம் கம்மி, ஆனா வேலை செய்யும்." அவள் தலையசைக்கிறாள். அவர் கடையிலிருந்த அப்படி ஒன்றை எடுத்து, பழைய டிஸ்க்கில் உள்ளதை அதில் ஏற்றி, மாட்டி, சுவிட்சைப் போடுகிறார். ஒன்பது நிமிடம் இழுத்தடித்த கணினி, இருபத்திரண்டு நொடியில் விழித்துக்கொள்கிறது. அதற்குள் தம்பியின் அழைப்பு. "மாட்டியாச்சாக்கா?" "ம்... பறக்குதுடா." "உள்ள எப்படி உக்காந்திருக்கு? ஒரு போட்டோ அனுப்பு." அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். மெக்கானிக் பெட்டியின் மூடியைப் போட்டு, நான்கு திருகுகளையும் முடுக்குகிறார். "மூடிட்டாங்கடா," என்கிறாள். மூடிய பெட்டியின் படம் தம்பிக்குப் போகிறது. அவன் வாங்கி அனுப்பிய எஸ்எஸ்டி அவள் கைப்பையில் இருக்கிறது.