மீதிப் பாதி

வாசலில் பையை இறக்கும்போதே வித்யாவுக்கு வாடை தெரிந்துவிட்டது.

"அப்பா! அடுப்புல என்ன?"

குளத்தூர் வீட்டுச் சமையலறையில் நல்லதம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய கை, கரண்டியைக் கியர் கம்பி மாதிரி பிடித்திருந்தது. வாணலியில் வெங்காயத்தோடு கொத்துக்கறி வதங்கிக்கொண்டிருந்தது.

"வா ஆத்தா. பஸ்ல தூங்குனியா?"

"அதை விடுங்க. என்ன கறி இது?"

அவர் வாய் திறப்பதற்குள் மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அடைக்கலமேரியின் குரல் வந்தது.

"அண்ணே, தண்ணி வத்துனதும் மெளகுத்தூள் போடுங்க! மாட்டுக்கறி, அவசரப்படாதீங்க. நல்லா வேகட்டும். சீஸைக் கடைசியா வச்சாப் போதும், இல்லேன்னா ஒழுகிப்போயிரும்!"

வித்யாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

அன்றைக்கு அவள் அம்மா மூக்காயியின் தலைத்திவசம். அதற்காகத்தான் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அம்மாவுக்குப் பிடிக்குமே என்று மைசூர்பாகும் மல்லிகைப்பூவும் பையில் இருந்தன.

"இந்த வீட்டுக்குள்ள என்னைக்காச்சும் இந்தக் கறி நொழஞ்சிருக்காப்பா? அதுவும் இன்னைக்கு!"

"கொஞ்சூண்டுதான் ஆத்தா. ஒரு சாண்ட்விச்சுக்கு."

"சாண்ட்விச்சா? அம்மா போய் இன்னையோட ஒரு வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள நாக்கு அவ்வளவு நீண்டுருச்சா?"

நல்லதம்பி வாணலியை இறக்கி வைத்தார். தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி, பிரெட்டைப் போட்டார். கறியைப் பரப்பி, சீஸை வைத்து, இன்னொரு பிரெட்டால் மூடி, தண்ணீர்ச் செம்பால் மெல்ல அமுக்கினார்.

"அது அம்மாவோட தோசைக்கல்லு!"

"தெரியும் ஆத்தா. அதனாலதான்..."

"எல்லாம் இந்த மேரி அத்தை படுத்துற பாடு. அம்மாவையும் அப்படித்தானே பண்ணப் பாத்தாங்க!"

அது போன வருஷம் நடந்தது. ஆஸ்பத்திரி மருந்தில் அம்மாவுக்கு வாய் கசந்துபோய், எதுவும் இறங்காமல் கிடந்த நேரம். குவைத்தில் சாண்ட்விச் கடையில் வேலை பார்க்கும் மேரியின் மகன் ஜெரால்டு லீவில் வந்திருந்தான். ஒரு நாள் வித்யா வீடியோ காலில் கூப்பிட்டபோது, அம்மா மேரி வீட்டு நாற்காலியில் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தட்டில் மாட்டுக்கறி சாண்ட்விச் என்று தெரிந்ததும் வித்யா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

நல்லவேளை நான் பார்த்தேன் என்று வித்யா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஆபீஸ் பக்கத்துக் கடையில் அவளும் அந்தக் கறியைத் தின்றிருக்கிறாள்தான். அது ஊரு வேற, வீடு வேற.

நல்லதம்பி சாண்ட்விச்சை இரண்டாக வெட்டினார். சீஸ் நூலாக இழுத்தது. ஒரு பாதியை மதிலுக்கு மேலே நீட்டினார்.

"மேரி, இது ஒனக்கு. சரியா வந்திருக்கா பாரு."

"அண்ணே, ஜெரால்டு தோத்தான் போங்க!"

அடுத்த பாதியை ஒரு சின்னத் தட்டில் வைத்து மூடினார்.

வித்யா மூடியைத் திறந்தாள்.

"படையல் போடுற வரைக்கும் பட்டினி கெடக்கணும்னு ஊருக்கே தெரியும். நீங்க ஒங்களுக்கு எடுத்து ஒளிச்சு வைக்கிறீங்களா?"

"இரு ஆத்தா, அது எனக்கு..."

அவர் முடிக்கவில்லை. தட்டு குப்பை வாளியில் கவிழ்ந்துவிட்டது.

நல்லதம்பியின் கை ஒரு தரம் முன்னால் வந்து, பின்னால் போயிற்று.

"சரி. குளிச்சிட்டு வா ஆத்தா. நேரமாச்சு."

தோசைக்கல்லை அவரே தேய்த்துக் கழுவி வைத்தார். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் வரவில்லை.

மதியம் அம்மாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்தார்கள். சோறு, சாம்பார், வடை, பாயசம், மைசூர்பாகு என்று வித்யா பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். எதிலும் ஒரு குறை இல்லை.

அப்போது நல்லதம்பி குனிந்து, வடையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மைசூர்பாகையும் ஓரமாக நகர்த்தினார். இலையில் ஒரு கை அகலத்துக்கு இடம் காலியானது.

"அங்க என்னப்பா வைக்கணும்?"

"ஒண்ணும் இல்ல. நீ சூடத்தைக் காட்டு."

"சொல்லுங்கப்பா. அம்மாவுக்குப் பிடிச்சது எதையாச்சும் விட்டுட்டேனா?"

"இல்ல ஆத்தா. சொன்னா நீ சங்கடப்படுவ."

"பரவால்ல, சொல்லுங்க."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"கஞ்சி கூட எறங்காதவ, அன்னைக்கு ஜெரால்டு குடுத்ததை மட்டும் ஆசையா தின்னா. பாதி தின்னுக்கிட்டிருக்கயில ஒன் போன் வந்துச்சு. மீதிப் பாதிக்குத்தான் இந்த எடம்."