கைப்பழக்கம்

"மருமகனைச் சுட்டது நான்தான். ரெண்டு குழலையும் காலி பண்ணேன். எழுதிக்குங்க" என்றார் நெமேசியோ. குடிக்கக் கொடுத்த மாத்தே டீயை அவர் தொடவே இல்லை.

துராஸ்னோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எழுத்தர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பெந்தான்குர் மட்டும்தான். மேஜையில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி கிடந்தது.

"இது உங்க மக ஐரிஸோடது ஆச்சே பெரியவரே?"

"மக வீட்டுக்குத்தானே போயிருந்தேன். சுவத்துல இதுதான் தொங்கிச்சு."

"இதை வாங்குன அன்னிக்கு அப்பாவும் மகளும் கடையில போட்ட சண்டையை ஊரே வேடிக்கை பார்த்துச்சு."

"பின்ன? திறந்ததும் சுட்ட தோட்டாவைத் தானா வெளிய துப்புற ரகம்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னா. கவுதாரி வேட்டைக்கு அதுதான் வேகமாம். துப்புனதைப் புல்லுல தேடிப் பொறுக்குறது யாரு? என்னோட துப்பாக்கி திறந்தா லேசா மேல தூக்கிக் கொடுக்கும். எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கலாம். நாப்பது வருஷமா எனக்கு அதுதான்."

பெந்தான்குருக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் வில்மர் அடிக்கிறான் என்று ஐரிஸ் மூன்று முறை இதே மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். மூன்று முறையும் அனுசரித்துப் போ என்று திருப்பி அனுப்பியவர் அவர். நேற்று வில்மரின் பிணத்தைத் தூக்கியதிலிருந்து அந்த உறுத்தல் அவரைத் தூங்கவிடவில்லை.

"அப்ப ஐரிஸ் எங்க இருந்தா?"

"கொல்லையில துணி காயப்போட்டுட்டு இருந்தா. குழந்தையும் அவகூடத்தான். அவ ஒண்ணும் பார்க்கல."

பெந்தான்குர், நேற்று பிணத்தருகே தரையில் கிடந்த இரண்டு காலித் தோட்டாக்களைப் போட்டு, துப்பாக்கியை மூடி நீட்டினார். "நேத்து செஞ்சதை அப்படியே செஞ்சு காட்டுங்க. சுட்டு முடிச்சுத் திறக்குற வரைக்கும்."

பெரியவர் தயங்கவில்லை. தோளில் வைத்தார், இரண்டு விசையையும் இழுத்தார், குழலை மடக்கித் திறந்தார். திறந்த கையோடு குனிந்து, தோட்டாக்களை எடுக்க இரண்டு விரல்களை நீட்டினார்.

இரண்டு தோட்டாக்களும் எகிறி அவர் தாடையில் அடித்துத் தரையில் உருண்டன.

நீட்டிய விரல்கள் அப்படியே நின்றன.

"நேத்து இதைச் சுட்டுத் திறந்தது நீங்க இல்ல" என்றார் பெந்தான்குர்.

"குழந்தைக்கு நாலு வயசு, இன்ஸ்பெக்டர்." பெரியவருக்கு அழுகை முட்டியது. "அப்பனும் போயிட்டான். ஆத்தாளையும் கொண்டு போயிடாதீங்க."

பெந்தான்குர் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். தரையில் கிடந்த தோட்டாக்களைப் பொறுக்கி, மறுபடியும் துப்பாக்கியில் போட்டுப் பெரியவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு நீதிபதியும் இதையேதான் செஞ்சு காட்டச் சொல்வாரு பெரியவரே. அப்ப விரலை நீட்டாதீங்க."